தெப்ராவில் ஒரு சுவிட்சர்லாந்து

சுவிட்சர்லாந்தின் பனிமலை உச்சிக்குப் போயிருக்க வேண்டிய சதாசிவம், ஜோகூரின் தெப்ராவில் தம் வீட்டு அடுப்படியில் நெத்திலி சம்பல் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்றால் சன்னல் வழியாகத் தலை தெரியும். அதனால் இடுப்பை வளைத்து, கையை மட்டும் அடுப்புக்கு மேலே நீட்டி, குத்துமதிப்பாகக் கிளறினார். மனுசன் பாவம். பணி ஓய்வு பெற்ற காலத்தில், சொந்த வீட்டில், சொந்த அடுப்பில், இப்படித் திருட்டுத்தனமாகச் சமைப்போம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

"ஏங்க, கரண்டிச் சத்தம் வெளிய கேக்குது," என்று தரையில் உட்கார்ந்தபடியே கிசுகிசுத்தார் மனைவி யோகேஸ்வரி.

"சத்தம் கேட்டாக்கூடப் பரவால்ல. வாசனை போகுதே, அதை எங்க கொண்டு போய் ஒளிக்கறது?"

"மூடியைப் போடுங்க."

"மூடியைப் போட்டா அடி புடிச்சிரும்."

"வீட்டுக்குப் போனா ராஜா மாதிரி சாப்பிடலாம்னு சொன்னீங்க. இப்படிக் குனிஞ்ச ராஜாவை நான் பாத்ததே இல்ல."

சதாசிவம் பதில் சொல்வதற்குள் கைப்பேசி சிணுங்கியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் லோஷினி. 'பா, இன்னிக்குப் பனிமலைக்குத்தானே போறீங்க? ரெண்டு பேரும் ஜாலியா இருங்க.'

மகள் பெயரைக் கண்டதும் மனிதருக்கு மூளை வேலை செய்யவில்லை. 'ஆமாம்மா, ரெடியாயிட்டோம். குட் மார்னிங்' என்று உடனே தட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த நொடியே பதில் வந்தது. 'பா, அங்க இப்ப ராத்திரி மூணு மணிப்பா. இன்னும் தூங்கலையா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?'

"அலமாக்," என்று தரையில் சரிந்து உட்கார்ந்தார் சதாசிவம். "அங்க மூணு மணியாம்."

"அதுக்குத்தான் பதில் போடாதீங்கன்னேன். கையை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதே உங்களுக்கு."

"இரு, சமாளிக்கறேன்." நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினார். 'மலை மேல சூரியன் உதிக்கறதைப் பாக்கக் கிளம்பிட்டோம்மா. இந்த மாதிரி சான்ஸ் மறுபடி கிடைக்குமா?'

லோஷினியிடமிருந்து வரிசையாக இதயங்கள் வந்து விழுந்தன. 'நீங்களாப்பா இது? ஞாயித்துக்கிழமை கோயிலுக்கே உங்களை எழுப்ப முடியாது. சரி, பனியில நீங்களும் அம்மாவும் நிக்கற படம் எனக்குக் கட்டாயம் வேணும்.'

சதாசிவம் மனைவியைப் பார்த்தார். யோகேஸ்வரி சம்பலைப் பார்த்தார். சம்பல் அடிபிடித்துக்கொண்டிருந்தது.

இவர்கள் ஏன் சொந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ கொலைக்குற்றம் செய்த தம்பதி என்று நினைத்துவிடுவீர்கள்.

லோஷினி கொடுத்ததை வேண்டாம் என்று சொன்ன வரலாறு அந்தக் குடும்பத்தில் கிடையாது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு சப்பாத்து வாங்கி வந்தாள். ஒரு அளவு சின்னது. "கரெக்டா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அது கிழியும் வரைக்கும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டே தொழிற்சாலைக்குப் போய் வந்தவர் சதாசிவம். காரணம், அந்தப் பெண் அழ மாட்டாள், கோபப்பட மாட்டாள், "பரவால்லப்பா" என்று ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குப் பதில் காலை வெட்டிக்கொள்ளலாம் என்பார் சதாசிவம்.

அப்படிப்பட்டவள்தான் அப்பா அம்மாவை ஐரோப்பா அனுப்புகிறேன் என்று கிளம்பினாள். இலண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று ஒரு பெரிய சுற்றுலா. விசயம் கோயில் நிர்வாகத்துக்குத் தெரிந்து, வெள்ளிக்கிழமை பூசையில் சதாசிவத்துக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்பினார்கள். நம் ஊரில் பொன்னாடை போர்த்த ஒரு காரணம் கிடைத்தால் விடுவார்களா?

போன இடத்தில்தான் தெரிந்தது, ஐரோப்பாவில் எல்லாம் இருக்கிறது, சோறும் கழிவறையில் தண்ணீர்க் குழாயும் மட்டும் இல்லை. சோறு இல்லாமல் யோகேஸ்வரி வாடினார். குழாய் இல்லாமல் சதாசிவம் வாடினார். எங்கே போனாலும் ஒரு கையில் காகிதச் சுருளையும் மறு கையில் தண்ணீர் போத்தலையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பேருந்து நிற்கும், இறங்கச் சொல்வார்கள், படம் எடுக்கச் சொல்வார்கள், ஏறச் சொல்வார்கள். மழை வேறு. ஆனாலும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. தாம் சொன்னால் அவர் மனசு கெட்டுப்போகும் என்று இவரும், தாம் சொன்னால் இவர் மனசு கெட்டுப்போகும் என்று அவரும், "ரொம்ப நல்லா இருக்குல்ல", "ஆமா, ரொம்ப நல்லா இருக்கு" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள்.

பாரிஸில் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்துக்கு எதிரே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"என்னம்மா, கோபுரம் அவ்ளோ அழகா இருக்கா?" என்று கேட்டார் சதாசிவம்.

"ஒரு தட்டு சோறுங்க," என்று விம்மினார் யோகேஸ்வரி. "ரசம் ஊத்தி. வேற ஒண்ணும் வேணாம்."

சதாசிவத்துக்கு அந்த நிமிடம் மனைவி மேல் பொங்கிய பாசம், கல்யாணம் ஆன புதிதில்கூடப் பொங்கியதில்லை. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் மட்டும் என்ன, சொர்க்கத்துலயா இருக்கேன்?" என்று அவர் தம் கழிவறைச் சோகத்தை எடுத்துவிட, இருவரும் அந்த மழையில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றே வழிகாட்டியிடம் மூட்டுவலி என்று சொல்லி விமானச் சீட்டை மாற்றிக்கொண்டு, சுற்றுலாவின் கடைசி நாட்களை அம்போ என்று விட்டுவிட்டு, புதன்கிழமை மத்தியானம் செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார்கள்.

லோஷினியின் கணக்குப்படி அவர்கள் வரவேண்டியது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை வீட்டுக்குள்ளேயே கிடப்பது, விளக்கைப் போடாமல் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு செனாய்க்குப் போய் அப்போதுதான் வந்தது போல் நிற்பது. இதுதான் திட்டம். மகள் ஆசையாகக் கொடுத்ததைப் பாதியில் விட்டு ஓடி வந்தோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்தக் குற்ற உணர்ச்சி இரண்டு மடங்காகிவிட்டது. வீடு பளிங்கு போல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களைக் காணவில்லை. இவர்களுடைய படுக்கையறை பூட்டியிருந்தது.

"எதுக்குங்க நம்ம ரூமைப் பூட்டி வெச்சிருக்கா?"

சதாசிவம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "புரியலையா? நாம வர்றதுக்குள்ள ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு, படத்துக்கெல்லாம் புது பிரேம் போட்டு, நம்மள அசத்தப் போறா. அப்படிப்பட்ட பொண்ணுக்கு நாம பண்ணிட்டு வந்திருக்கற வேலையைப் பாரு."

யோகேஸ்வரி மறுபடி அழுதார். இருவரும் மகளின் பழைய அறையில், புதிதாக விரித்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பில், ஏதோ பாவம் செய்தவர்கள் போல் ஓரமாகப் படுத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் நேற்று. இன்றைக்குப் பனிப் படத்துக்கு என்ன செய்வது?

"திருச்செல்வம் வாத்தியார் அங்கதானே இருக்காரு? அவருகிட்ட கேட்டு வாங்கறேன்," என்றார் சதாசிவம். குளுவாங்கிலிருந்து அதே சுற்றுலாவில் வந்தவர் திருச்செல்வம். நல்ல மனிதர். ஆனால் அவர் எடுக்கும் எந்தப் படத்திலும் அவர் இல்லாமல் இருக்க மாட்டார். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டதும் அவர் அனுப்பிய, முந்தின நாள் எடுத்த பத்துப் படத்திலும் மலை கொஞ்சமும் வாத்தியார் நிறையவும் இருந்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் தலையை வெட்ட முடிந்தது. 'நேத்து அடிவாரத்துல எடுத்தது' என்று அதை அனுப்பினார் சதாசிவம்.

'மலை அழகா இருக்குப்பா. ஆனா யாரோ ஒருத்தர் காது தெரியுது. நீங்க எங்க?'

"என்னங்க இப்ப?"

"நிஜமாவே பனியில நின்னுதான் ஆகணும்," என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, நண்பர் தங்கராஜுவைக் கூப்பிட்டார் சதாசிவம்.

தங்கராஜுவுக்குத் தெப்ராவ் தொழிற்பேட்டையில் மீன் கிடங்கு இருந்தது. விசயம் முழுவதையும் அவர் கேட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது.

"சிரிக்காத லா. எம்பொண்ணு மனசு சம்பந்தப்பட்ட விசயம்."

"சிரிக்கலைப்பா. பின்சந்துக்கு லாரியைக் கொண்டு வர்றேன். ரெண்டு பேரும் கோட்டைப் போட்டுக்கிட்டு நில்லுங்க."

ஜோகூர் வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியான நேரத்தில், கம்பளிக் கோட்டும் காதுமூடிய தொப்பியும் கையுறையும் முகக்கவசமுமாக இரண்டு பேர் பின்சந்தில் நின்றதைப் பார்த்த ஒரே சீவன் ஒரு பூனை. அதுவும் பயந்து ஓடிவிட்டது. மீன் லாரியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் சதாசிவத்துக்குச் சட்டை நனைந்து, உள்சட்டை நனைந்து, கோட்டும் நனைந்துவிட்டது.

போனதும் தங்கராஜு முதலில் செய்த காரியம் தம் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து வைத்ததுதான். சோறு, மீன் குழம்பு, ரசம். ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு பேரும் ஒரு பருக்கை விடாமல் அதைக் காலி செய்தார்கள். தங்கராஜு அன்றைக்கு வெறும் பிஸ்கட்டோடு மத்தியானத்தைக் கழித்தார் என்பது வேறு கதை.

பிறகு குளிர்கிடங்குக்குள் போனார்கள். சுவரெல்லாம் உறைபனி. தரையில் ஐஸ் தூள் குவிந்து கிடந்தது. தங்கராஜு அதை இரண்டு மண்வெட்டி அள்ளி இருவர் தலையிலும் தோளிலும் தூவினார்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. அண்ணி, நீங்க அண்ணன் தோள்ல சாயுங்க. வெளிநாட்டுல இருக்கீங்க, வெக்கப்படாதீங்க."

"மீன் நாத்தம் தாங்கலங்க," என்றார் யோகேஸ்வரி, தோளில் சாய்ந்துகொண்டே.

"படத்துல நாத்தம் தெரியாது அண்ணி."

அதைக் கேட்டு யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சதாசிவத்துக்கு வந்தது. வயிறு நிறைந்த சிரிப்பு, நாள் கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. தங்கராஜு விடாமல் படமாகத் தட்டித் தள்ளினார். படம் அச்சு அசலாக வந்திருந்தது. சுவிட்சர்லாந்துக்காரனே பார்த்தாலும் 'எங்க ஊர்தான்' என்பான்.

வீட்டுக்கு வந்து, அங்கே விடிந்துவிட்டதா என்று நேரத்தை இரண்டு முறை சரிபார்த்த பிறகே அனுப்பினார் சதாசிவம்.

'பா, அம்மா காலுக்குப் பக்கத்துல என்னமோ மீன் வாலு மாதிரி தெரியுதே?'

சதாசிவம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கெம்போங் மீன். வால் மட்டுமா, பாதி உடம்பே தெரிந்தது.

"போச்சு," என்றார் யோகேஸ்வரி.

'பனியில மீனு அப்படியே உறைஞ்சு கிடக்குதும்மா. இங்க எல்லாமே இயற்கைதான்' என்று அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் சதாசிவம்.

பதில் வர நேரமாயிற்று. வந்தபோது மீனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'உங்க ரெண்டு பேரையும் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா. தோட்டத்துல பொறந்து, ஃபேக்டரியிலயே காலத்தைக் கழிச்சீங்க. எங்கயும் போனதில்ல. இவ்ளோ ஆசையை மனசுல வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. ஆபீஸ் டாய்லெட்ல போய் அழுதுட்டு வர்றேன்.'

அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார் சதாசிவம். "உண்மையைச் சொல்லிடலாமா, யோகா?"

"இப்பவா? அது அழுதுட்டு வர்ற நேரத்துலயா? மீன் கிடங்குல எடுத்த படம்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"அவ கொடுத்ததுக்கு நாம கொடுக்கற மரியாதை இவ்ளோதானான்னு இருக்கு."

"அவளுக்குச் சந்தோசம்தானே முக்கியம்? அது கிடைச்சிருச்சு. விடுங்க," என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தார் யோகேஸ்வரி. இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்கு. ஒரு வாய்ஸ் அனுப்பச் சொல்லுங்கப்பா.'

மகள் ஆசைப்பட்டால் தாய் மறுப்பாரா? யோகேஸ்வரி பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு, "லோஷிம்மா, இங்க குளிரு தாங்கலடா, கையெல்லாம் விறைச்சுப் போச்சு, ஆனா பாக்கப் பாக்க அவ்ளோ ஆசையா இருக்கு, இன்னும் ஒரு மாசம் இருக்கலாம் போல இருக்கு" என்று பேசி முடிப்பதற்கும், தெருவில் பழைய காகிதம் வாங்கும் லாரி திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பழைய பேப்பர், பழைய இரும்பு என்று ஒலிபெருக்கி மலாயில் அலறியது: "சுராட் காபார் லாமா... பெசி புரோக்..."

விரலை எடுத்தபோது பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது.

'பா, அது என்ன சத்தம்?'

'மலையில மாடு மேய்க்கறவங்க பாடறாங்கம்மா. இங்க அது பெரிய கலை.'

'நம்ம பழைய பேப்பர் லாரி மாதிரியே இருக்குப்பா.'

'எல்லா ஊர்லயும் மனுசங்க ஒண்ணுதாம்மா' என்று தத்துவமாக முடித்தார் சதாசிவம். பொய் சொல்லச் சொல்ல மனிதருக்கு ஒரு நடை கைவந்துவிட்டது.

ஆபத்து பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சாயங்காலம் இருவரும் கூடத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். திரைச்சீலையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சந்திரமதி. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வீட்டுக்காரனுக்கு முன்னால் தெரிந்துவிடும் அந்த அம்மாவுக்கு.

"ஹலோ," என்று வீட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் கூப்பிட்டார் சந்திரமதி. "டுமாரோ மார்னிங் ரப்பிஷ் லாரி கம்மிங். டஸ்ட்பின் வெளிய வைங்க, ஓகே?"

கூப்பிட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

யோகேஸ்வரி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "யார்கிட்டங்க சொல்லிட்டுப் போறா?"

"உள்ள ஆள் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா. திருடன்னு நெனைச்சிருக்கா."

"திருடனுக்குக் குப்பை போடற நாளை யாராவது சொல்வாங்களா? அதுவும் இங்கிலீசுல?"

"எனக்கும் அதான் புரியல," என்று ஒத்துக்கொண்டார் சதாசிவம். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. இன்றைக்குக் குப்பையைப் பற்றிப் பேசியவள் நாளைக்கு லோஷினியைக் கூப்பிட்டுப் பேசிவிடுவாள். இரவெல்லாம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி கேட் தட்டப்பட்டது. இந்த முறை சந்திரமதியின் ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பம். இடுப்பில் ஒரு சாவி தொங்கியது.

"ஹலோ, வாட் டைம் யூ ஆல் கோயிங்?"

இருவரும் மேசைக்கு அடியில் இருந்தார்கள்.

"எத்தனை மணிக்குப் போறேன்னு திருடனைக் கேக்கற பொம்பளையை நான் இப்பத்தான் பாக்கறேன்," என்று கிசுகிசுத்தார் யோகேஸ்வரி.

"திருடன் விசயமில்ல இது. கையில துடைப்பம் இருக்கு பாரு. நாம வர்றதுக்குள்ள வீட்டைக் கூட்டித் துடைக்கச் சொல்லி லோஷினிதான் சாவி கொடுத்திருக்கா. இப்ப உள்ள வந்துருவா."

"ஐயோ, ஏதாவது செய்யுங்க."

சதாசிவம் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மூக்கையும் பிடித்துக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்தே கத்தினார்: "கெஜாப் லாகி, கெஜாப் லாகி." கொஞ்ச நேரத்தில், கொஞ்ச நேரத்தில் என்று மலாய்க்காரரைப் போல் சொன்னதாக அவருக்கு நினைப்பு. சளி பிடித்த வாத்து கத்தியது போல் இருந்ததாக யோகேஸ்வரி பிறகு சொன்னார்.

"ஓகே, ஓகே, டேக் யுவர் டைம்," என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாம் இல்லாத கொஞ்ச நாளில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு என்னதான் ஆயிற்று என்று யோகேஸ்வரி கேட்டார். அதை ஆராயும் நிலையில் சதாசிவம் இல்லை. அந்த அம்மா திரும்பி வருவதற்குள் கிளம்பியாக வேண்டும். ரெங்கத்தில் தங்கராஜுவின் தோட்டத்து வீடு காலியாகக் கிடக்கிறது. ஞாயிறு வரை அங்கே பதுங்கிக்கொள்ளலாம்.

தங்கராஜு லாரியோடு மூவாருக்குப் போயிருந்தார். கைப்பேசியிலேயே வாடகைக் கார் ஒன்றைச் சொல்லிவிட்டு, இருவரும் பறந்தார்கள். சம்பல் வாசனை போக வீடெல்லாம் சாம்பிராணி காட்டி, சாம்பிராணி வாசனை போக மின்விசிறியைச் சுற்றவிட்டு, படுத்த படுக்கையைத் தட்டி, குடித்த குவளையைக் கழுவி, வந்த தடமே தெரியாமல் ஆக்கினார்கள். யோகேஸ்வரி மட்டும் வாசற்படியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அவ கையால நமக்காக எல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கா. நாம திருடங்க மாதிரி வந்துட்டுப் போறோம். கேவலமா இருக்குங்க."

"ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்ல அவளைப் பாத்ததும் ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சிப்போம். 'நீ அனுப்பினதாலதான் உலகத்தைப் பாத்தோம்'னு சொல்லுவோம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே? பாதி உலகத்தைப் பாத்தோம்ல."

தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி சகிதம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்கள். சொல்லி வைத்தாற்போல் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது.

சதாசிவம் ஒரு கணமும் வீணாக்கவில்லை. "பின்கதவைத் திறங்க தம்பி, சீக்கிரம், சீக்கிரம்," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனார். கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே இரண்டு பெட்டியும், நீச்சல் வளையமும், ஒரு பால்மாவு டின்னும் இருந்தன.

"என்ன தம்பி, இவ்ளோ சாமானை வெச்சிக்கிட்டு வாடகைக் கார் ஓட்டறீங்க?" என்று கேட்டுக்கொண்டே தம் பெட்டியை உள்ளே திணித்தார். காரிலிருந்து இறங்கி வந்த இளைஞர் தம் பெட்டியை வெளியே எடுத்தார். இவர் ஒன்றை உள்ளே வைக்க, அவர் ஒன்றை வெளியே எடுக்க, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மும்முரமாக வேலை செய்தார்கள். காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் யோகேஸ்வரிக்கு உறைத்தது. கார் எண் சிங்கப்பூர் எண்.

"ஏங்க, இது நம்ம காரு இல்ல," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஸாரி அங்கிள், நான் தேனப்பன், சிங்கப்பூர்லேருந்து வர்றோம்," என்று கையை நீட்டினார் அந்த இளைஞர். "லோஷினி ரெண்டு மணிக்கு மேல வரச் சொன்னாங்க. பாலத்துல இன்னிக்கு ஜாம் இல்ல, அதான் சீக்கிரம் வந்துட்டோம். நீங்க மெதுவாவே கிளம்புங்க."

நீட்டிய கையைப் பற்றாமல் சதாசிவம் ஒரு அடி பின்வாங்கினார். லோஷினியின் சிநேகிதர்கள். வீட்டைப் பார்த்துவர அவள் அனுப்பிய ஆட்கள். இப்போது முகத்தைக் காட்டினால் அடுத்த நிமிடம் மகளுக்குத் தெரிந்துவிடும். கட்டைவிரலை மடக்கிக் காப்பாற்றியது, மீனோடு மீனாக நின்று காப்பாற்றியது, எல்லாம் இந்தக் கேட்டு வாசலில் போய்விடும்.

கறுப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் அழுத்திக்கொண்டு, மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, தாம் கட்டி வட்டி கட்டிய வீட்டின் முன்னால் நின்று சதாசிவம் தீர்மானமாகச் சொன்னார்:

"நாங்க இந்த வீட்டுக்காரங்க இல்லீங்க."

"தெரியும் அங்கிள், வீட்டுக்காரங்க ஊர்ல இல்லாதப்பத்தானே லோஷினி இதை நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்தக் காசுல அவங்களை ஊர் சுத்த அனுப்பறாங்க," என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார் தேனப்பன். "டிசம்பருக்கும் வீடு வேணும்னு நேத்துக் கேட்டேன், தாராளமா எடுத்துக்கங்கன்னுட்டாங்க: பனியில அப்பா அம்மா சிரிக்கற சிரிப்பைப் பாத்துட்டு, மனசு கேக்காம, அலாஸ்காவுக்கு ஒரு மாசம் புக் பண்ணிட்டாங்களாம்."